மூன்று சுழி ணகரம்

நேர்க்கோடு எளிது, வளைகோடு அரிது. இரண்டு புள்ளிகளைக் குறித்துவிட்டால் அவற்றை இணைக்கும் நேர்க்கோடு ஒன்றே. அதனைப் பற்றி வழக்கில்லை. வளைகோட்டின் நிலை அவ்வாறன்று. அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே எண்ணிறந்த வளைகோடுகள் செல்லக்கூடும். அவற்றுள் நாம் கருதியது இன்னதென்பதைப் பிறர்க்கு, அதிலும் மனமில்லாத ஒரு பொறிக்கு, எவ்வாறு அறிவிப்பது? இவ்வினா கணித நூலார்க்கும் பொறியியலார்க்குமே உரியதென்று சென்ற கோடை விடுமுறை வரையில் யானும் எண்ணியிருந்தேன். தமிழ் பயிலும் எனக்கும் அது உரியதே என்பதைத் திருவொற்றியூரில் ஒரு தேக்குப் பலகை கற்பித்தது. அக்கதையைச் சொல்லி, அதனால் எனக்குத் தோன்றிய கருத்தொன்றை இம்மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

எங்கள் இல்லத்திற்கு அணித்தே முதியோர் விடுதி ஒன்று உளது. அதன் வாயிலில் 'கருணை' என்னும் ஒரே சொல்லைப் பலகையிற் செதுக்கி வைக்க அவ்விடுதியார் விரும்பினர். 'தமிழ் படிக்கிற பிள்ளை' என்னும் காரணத்தால் எழுத்துக்களை வரைந்து தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. செதுக்கப்போவது உளியன்று, கணிப்பொறியின் ஆணைப்படி பலகைமேற் சுழன்று செல்லும் கருவி. நம் பகுதிப் பட்டறைகளில் அதனைச் சி.என்.சி. மெஷின் என்றே வழங்குவர். அக்கருவி ஒரு கோட்டின் வழியே சென்றால் அவ்வழியில் ஒரு பள்ளம் விழும், அப்பள்ளமே எழுத்தாகும். ஆதலின் ஒவ்வோர் எழுத்திற்கும் கருவி செல்லும் வழியை ஒரு கோடாக வரைந்து தருதல் வேண்டும்.

இரண்டு நாள் முயன்று வரைந்தேன். திரையில் அவ்வெழுத்துக்கள் அழகாகவே இருந்தன. பட்டறைக்குக் கொண்டு சென்றபோது அங்கிருந்த அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு கோடு இல்லை, எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஜாயின் போட்டுக் கொண்டு வா" என்றார். துண்டாகக் கிடந்தால் என்ன? கருவிக்குக் கண்ணில்லை. ஒரு துண்டின் முனையும் அடுத்த துண்டின் முனையும் ஒரு மயிரிழை விலகி நின்றாலும் அஃது இரண்டு வழி என்றே கொள்ளும். ஒவ்வொரு முனையிலும் தன்னைத் தூக்கிக்கொண்டு, வேறோரிடத்தில் மீண்டும் இறங்கும். இறங்கிய இடமெல்லாம் வடுவாகும்.

யான் அவ்வாணையைத் தேடி இட்டேன். எத்துணை விலகி நிற்கும் முனைகளை ஒன்றாக்கலாம் என்று செயலி வினவியது. பொறுமையின்றி 2 மில்லிமீட்டர் எனப் பெரிய அளவாகவே கொடுத்தேன். கண்ணிமைக்கும் பொழுதில் துண்டுகள் யாவும் கோடுகளாயின. மகிழ்ந்து, ஒவ்வோர் எழுத்தின் கோட்டையும் தொட்டுத் தெரிந்தெடுத்துப் பட்டறையிற் கொடுத்தேன். பலகை செதுக்கப்பெற்று, மெருகேறி, வாயிலில் ஏறிற்று.

அவ்விடுதியில் வாழும் மூதாட்டியார் ஒருவர் முன்னாளில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இப்போது கண்ணொளி குன்றியவர். அவர் எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். ணகரத்தில் விரல் நின்றது. மீண்டும் ஒருமுறை தடவினார். பின்னர், "ஏன் தம்பி, இதில் ஒரு சுழியை எங்கே விட்டாய்?" என்றார். பார்த்தேன். மூன்று சுழி இருக்கவேண்டிய எழுத்தில் ஒன்றைக் காணோம். அஃது ணகரமாகவும் இல்லை, னகரமாகவும் இல்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஊரார் முன் தேக்குப் பலகையில் பிழையைப் பொறித்து வைத்தான்.

பிழை எங்ஙனம் நேர்ந்தது? சுழி என்பது தான் சென்ற வழியையே மீண்டும் அணுகித் திரும்பும் கோடு. ஆதலின் அதன் கழுத்தில் உள்ளே புகும் கோட்டின் முனையும், வெளியே வரும் கோட்டின் முனையும், சுழியின் இரண்டு முனைகளுமாக நான்கு முனைகள் நெருங்கி நிற்கும். அவற்றுள் எதனை எதனோடு முடிவது என்பது எழுத்தறிந்தவனுக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது. அது புகும் கோட்டை வரும் கோட்டோடே முடிந்துவிட்டது. சுழி தனி வளையமாகப் பிரிந்தது. யான் கோட்டைத் தொட்டுத் தெரிந்தெடுத்தபோது தொடர்ந்து நின்ற கோடு மட்டுமே வந்தது. வளையம் திரையிலேயே தங்கிவிட்டது. திரையிலோ எல்லாம் முன்போலவே காட்சியளித்தன! துண்டுகள் தொட்டு நிற்பதும் ஒன்றாய் நிற்பதும் கண்ணுக்கு ஒன்றே; பொருளால் வேறு.

இது நிற்க. ஒரு வளைகோட்டைத் துண்டு துண்டாகச் செய்வதுதான் ஏன்? முழுமையும் ஒரே கோடாக ஒரே சமன்பாட்டால் எழுதிவிடலாகாதோ எனச் சிலர் வினவலாம். அம்முயற்சி முன்னரே செய்யப்பட்டது. பல புள்ளிகளின் வழியே ஒரே உயர்படிச் சமன்பாட்டைச் செலுத்தினால், இடையிற் பணிந்து செல்லும் கோடு ஓரங்களில் கட்டுக்கடங்காமல் அலைபாயக்கூடும் என்பதை ஜெர்மானியக் கணித அறிஞர் ரூங்கே 1901இல் காட்டினார். மேலும், அத்தகைய கோட்டில் ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்தினாலும் கோடு முழுவதும் மாறிவிடும். ககரத்தின் வாலைத் திருத்தப் புகுந்தவன் அதன் தலையையும் கெடுத்துக்கொள்வான். சிறு துண்டுகளாகச் செய்து கோத்தாலோ, ஓரிடத்துத் திருத்தம் அவ்விடத்தோடு நிற்கும்.

கப்பல் கட்டுவோர் இதனைக் கணிதமின்றியே அறிந்திருந்தனர். மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஆங்காங்கே ஈயக்கட்டிகளை வைத்து அசையாமல் நிறுத்தி, அதன் ஓரத்தை ஒட்டி மரக்கலத்தின் வளைவை வரைந்தனர். அச்சட்டத்தின் பெயராகிய ஸ்ப்லைன் என்பதையே 1946இல் ஷோன்பர்க் என்னும் அறிஞர் துண்டுகளாற் கோத்த வளைகோட்டிற்கும் இட்டார். பின்னர்ப் பிரெஞ்சு தேசத்து மோட்டார்த் தொழிற்சாலைகளில் இருவர் தனித்தனியே ஒரே வழியைக் கண்டனர். சித்ரோயன் நிறுவனத்தில் 1959இல் பால் த காஸ்தல்ழோ கண்டதை அந்நிறுவனம் வெளியிடாது வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தைச் சார்ந்த பியேர் பெசியே 1960-களில் தாம் கண்டதை வெளியிட்டார். ஆதலின் பெசியே பெயரே நிலைத்தது.

அம்முறை எளியது. ஒரு துண்டிற்கு நான்கு புள்ளிகள். முதற்புள்ளியிற் கோடு தொடங்கும், நான்காவதில் முடியும். இடையிலுள்ள இரண்டும் கோட்டைத் தொடுவதில்லை. புறப்படும்போது இரண்டாம் புள்ளியை நோக்கிப் புறப்படுகின்றது. வந்து சேரும்போது மூன்றாம் புள்ளியின் திசையிலிருந்து வந்து சேர்கின்றது. ஏர் பூட்டிய எருதை மூக்கணாங்கயிற்றால் திருப்புதல் போல, இவ்விரு பிடிப்புள்ளிகளால் கோட்டைத் திருப்புகின்றோம். முழுவட்டமுங்கூட இம்முறையில் நான்கு துண்டுகளாலேயே ஆக்கப்படும். அது மெய்யான வட்டமன்று. எனினும் நன்கு அமைத்தால் பிழை ஆரத்தின் பதினாயிரத்தில் மூன்று பங்கினும் குறைவேயாம்.

ஆகவே துண்டு செய்தல் அரிதன்று. அருமையெல்லாம் மூட்டில் உளது. மூட்டு மூவகைப்படும்.

முதலாவது, முனைகள் தொடுதல் மட்டும். சதுரத்தின் மூலை போல அங்கே கோடு ஒடிந்து திரும்பும். இரண்டாவது, முனைகள் தொடுவதோடு திசையும் ஒத்திருத்தல். பெசியே முறையில் மூட்டுப் புள்ளியும் அதன் இருபுறத்துப் பிடிப்புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில், மூட்டுப் புள்ளி நடுவில் இருக்குமாறு நின்றால் இவ்வொற்றுமை கிட்டும். இதற்குச் சான்று எங்களூரிலேயே உண்டு. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கருவறை தூங்கானை மாடம் எனப்படும் வடிவினது. உறங்கும் யானையின் பின்புறம்போல் பின்புறம் வளைந்தது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதனைக் கருங்கல்லாற் கட்டியவன் வீரசோழத் தச்சன் என்னும் இரவி எனக் கல்வெட்டுக் கூறும். வகுப்புத் தோழர் ஒருவருடன் சென்று அதனைக் கண்டபின் அவ்வடிவைத் தாளில் வரைந்து பார்த்தேன்: நேர்க்கோடு, அரைவட்டம், மீண்டும் நேர்க்கோடு, முன்புறத்தை மூட மற்றொரு நேர்க்கோடு. நான்கு துண்டு, ஒரு கோடு. ஆட்டோகேட் செயலி பாலிலைன் என்று இந்நாளில் எதனைக் கூறுகின்றதோ அதுவே இது.

மூன்றாவது வகை நுட்பமானது. திசை மட்டுமன்றி வளைவின் அளவும் மூட்டில் ஒத்திருத்தல் வேண்டும். தூங்கானை மாடத்தில் நேர்க்கோடு வட்டத்தைச் சேருமிடத்தில் திசை மாறவில்லை. ஆனால் வளைவு இன்மையிலிருந்து ஒரே கணத்தில் முழு வளைவு பிறக்கின்றது. அசையாத சுவருக்கு அதனால் தீங்கில்லை. ஓடும் இரயிலுக்கோ தீங்குண்டு. நேர்ப்பாதையிலிருந்து வட்டவளைவினுட் புகும் வண்டி அங்ஙனம் புகுமாயின் உள்ளிருப்போர் திடீரெனப் பக்கவாட்டில் தள்ளப்படுவர். ஆதலின் இருப்புப்பாதை அமைப்போர் இரண்டிற்கும் நடுவே, வளைவு சிறிது சிறிதாக மிகும் இடைவளைவு ஒன்றை வைக்கின்றனர். கும்மிடிப்பூண்டி வண்டியில் நாள்தோறும் நின்றுகொண்டே கல்லூரிக்கு வரும் எம்போன்றோர் தம் கால்களாலேயே இதனை அறியலாம். எங்களூரில் 1950-களில் அமைந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையின் பெயர் தாங்கிய வண்டி எங்கேனும் நிற்கக் கண்டால், அதன் பெட்ரோல் தொட்டியில் விழும் குழல்விளக்கின் நிழலைப் பாருங்கள். வளைவு ஒத்த இடத்தில் நிழல் ஒழுகிச் செல்லும். ஒவ்வாத இடத்தில் ஒடியும். மூட்டின் குறையைக் காட்டிக் கொடுப்பதில் ஒளியினும் வல்ல சாட்சி இல்லை.

இவற்றை அறிந்தபோது எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. இது நம் வகுப்பிற் பயிலும் புணர்ச்சி இலக்கணமன்றோ! பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை என இயல்பாய் நிற்கும். பொன்னும் குடமும் சேருங்கால் பொற்குடம் எனத் திரியும். மரமும் வேரும் சேருங்கால் மரவேர் என ஒன்று கெடும். பூவும் கொடியும் சேருங்கால் பூங்கொடி என ஒன்று தோன்றும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் ஒன்றையொன்று நோக்கி நின்று, வேண்டுமிடத்துத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. பக்கத்திற் பக்கமாய் வைத்தல் வேறு, புணர்த்தல் வேறு என்பதை நம் இலக்கணிகள் எழுத்தளவிற் கண்டனர். பொறியியலார் கோட்டளவிற் கண்டனர். உவமை முற்றும் பொருந்தாது எனினும், மூட்டைப் பற்றிய அறிவு தமிழ் மாணவனுக்குப் புதியதன்று என்பது போதும்.

இனி என் கருத்தைக் கூறுவேன். தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் நம் நெடுங்கணக்கில் ஓர் எழுத்தையேனும் இம்முறையில் துண்டுகளாற் கோத்துத் தம் கையால் வரைந்து பழகுதல் வேண்டும். அதனைக் கணிதத் துறையாரிடம் கற்றல் வேண்டும்.

இதற்கு மூன்று தடைகள் எழலாம். முதலாவது, 'செயலியே எல்லாம் செய்யும். நாம் கற்பது எதற்கு?' என்பது. செயலி செய்ததன் பயனைத்தான் மேலே கூறினேன். அஃது இடைவெளியை அளக்கும்; எழுத்தை அறியாது. கோட்டை மெருகிடுக என்றால், ஒடிந்திருக்க வேண்டிய மூலையையும் மெருகிட்டுவிடும். டகரத்தின் மூலை மூலையாகவே நிற்கவேண்டும். ணகரத்தின் சுழி சுழியாகவே நிற்கவேண்டும். எங்கே முதல்வகை மூட்டு, எங்கே மூன்றாம்வகை மூட்டு என்று தீர்ப்பளிப்பது எழுத்தறிவு. அது நம் கடமை.

இரண்டாவது, 'இலக்கியம் கற்க வந்தவர்க்கு எழுத்தின் வடிவோடு என்ன உறவு?' என்பது. இலக்கியம் காற்றில் வந்து நம்மை அடையவில்லை. ஓலையில் எழுத்தாணியாலும், கல்லில் உளியாலும், பின்னர் உலோக அச்சாலும் வந்தது. கொல்லத்தில் 1578இல் தமிழெழுத்து அச்சேறிற்று. தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பார் அச்சிட, 1862இல் வின்ஸ்லோவின் அகராதி வெளிவந்தது. அக்காலத்து ஒவ்வோர் எழுத்தையும் யாரோ ஒருவர் உலோகத்தில் வெட்டியே ஆக்கினர். இந்நாளில் நம் கைப்பேசியிற் காணும் ஒவ்வொரு தமிழெழுத்தும் பெரும்பாலும் பெசியே துண்டுகளின் கோவையே. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் முறையில் ஒரு வளைதுண்டிற்கு நான்கு புள்ளிகள். பின்வந்த ட்ரூடைப் முறையில் மூன்று. எழுத்துரு வரையும் வல்லுநர் தமிழகத்தில் உளர். அவர்தம் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் கடைப்பலகையும், கல்லறைப் பலகையும், பள்ளிச் சுவரும், திருமண அழைப்பும் அவர்களிடம் போவதில்லை. எம்போன்ற அரைகுறையாளரிடமே வருகின்றன. அங்கேதான் சுழிகள் தொலைகின்றன.

மூன்றாவது, 'பாடத்திட்டத்தில் இடமேது?' என்பது. யான் தனிப்பாடம் வேண்டவில்லை. ஒரு வாரம், ஓர் எழுத்து, இரண்டு துறையார் ஒரே அறையில் அமர்தல், இவ்வளவே. இதற்கு முன்மாதிரியும் உண்டு. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியற் பேராசிரியர் கிப்ட் சிரோமணி (1932–1988), தம் வாழ்க்கைத் துணைவியாராகிய ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, நம் வாயிற்கோலங்களைக் கணிப்பொறி இலக்கணத்தால் ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டார். கம்பிக் கோலம் என்பது என்ன? நேரே செல்லுதல், வளைந்து திரும்புதல், புள்ளியைச் சுற்றி மீளுதல் என்னும் சில அசைவுகளை மீண்டும் மீண்டும் கோத்து, கை எடுத்த இடம் தெரியாமல் முடித்தல். அரிசிமாவும் விரலும் கொண்டு மூட்டின் கலையை வல்ல தாய்மார் நாள்தோறும் விடியலில் செய்து காட்டுகின்றனர். கணித அறிஞர் அவ்வாயிலில் குனிந்து கற்றனர் எனின், தமிழ் மாணவர் கணித வகுப்பின் வாயிலில் நின்று கற்பது இழுக்காகுமோ?

உண்மையில் நம் கல்லூரிகளில் துறைகள் நிற்கும் நிலையும் யான் வரைந்த ணகரம் போன்றதே. கலைப்பிரிவும் அறிவியற்பிரிவும் அடுத்தடுத்த கட்டடங்களில் தொட்டு நிற்கின்றன. ஆண்டு மலரின் ஒரே அட்டைக்குள் நம் கட்டுரைகளும் தொட்டு நிற்கின்றன. எட்ட நின்று காண்போர்க்கு ஒரே கோடெனத் தோன்றும். விரல் வைத்துத் தடவிப் பார்ப்போர்க்கே இடைவெளி தெரியும்.

பலகையின் முடிவை வாசகர் அறிய விரும்பக்கூடும். பட்டறை அண்ணன் அதன் முகத்தை இழைப்புளியால் சீவி, பழைய எழுத்தை முற்றும் நீக்கினார். அதனால் பலகை சற்று மெலிந்தது. இம்முறை ஆணையை நம்பாமல் ஒவ்வொரு மூட்டையும் பெரிதாக்கிப் பார்த்து, நான்கு முனை நெருங்கும் இடங்களில் என் கையாலேயே முடிந்தேன். ஒரு நாள் முழுவதும் சென்றது. பலகை மீண்டும் வாயிலில் ஏறிய மாலை அம்மூதாட்டியாரை அழைத்தேன். அவர் விரல் ணகரத்தின் முதற்சுழியிற் புகுந்து, இரண்டாவதைக் கடந்து, மூன்றாவதில் திரும்பி, எங்கும் தடைப்படாமல் வெளியே வந்தது. "இப்போது சரி" என்று மட்டும் சொன்னார். இதுவரை யான் பெற்ற மதிப்பெண்களுள் அதனினும் பெரிது ஒன்றில்லை.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன், இரண்டாம் ஆண்டு